மடவை மீன் கேட்கும் அப்பா

ஐப்பசி 18, திங்கள்

விடாத மழை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். பள்ளிக்கூடத்துக்கு லீவு, எங்கள் ஆபீசுக்குக் கிடையாது.

வாங்க: கொசுவத்தி, ரவை, அப்பாவுக்கு டயப்பர் (பெரிய சைஸ்).

அப்பா இன்றும் ரெண்டு வாய்தான். தட்டைத் தள்ளிவிட்டு, "மடவை மீன் கொழம்பு வெக்கலியா?" கேட்டது அப்பாதானா என்று திரும்பிப் பார்த்தேன். வடலூர் போய் வந்த வருஷத்தோடு மீன், கறி எல்லாம் விட்ட மனுஷன். நாற்பது வருஷம். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் அங்கே பந்தியில் சோறு போட்டவர். "வலின்னா எல்லா உசுருக்கும் வலிதான்" என்று சொல்லிச் சொல்லியே எங்களையும் வளர்த்தார். மறதி நோய் வந்து அந்த நாற்பது வருஷத்தையும் கொண்டுபோய்விட்டது. கடலோரக் கிள்ளை ஊரில் மீன் தின்று வளர்ந்த பையன் மட்டும் மிச்சம்.

"புயலுப்பா, போட்டு எதுவும் கடலுக்குப் போகல" என்றேன். பொய் இல்லை. தப்பித்தேன்.

19, செவ்வாய்

மழை. மறுபடி மறுபடி அதே கேள்வி. சோற்றைத் தொடவில்லை. எடை இறங்கிக்கொண்டே போகிறது. டாக்டர், "எது கேட்டாலும் குடுங்கம்மா" என்கிறார். அவருக்கென்ன.

இவர் சொன்னார்: "மாமா வாய் தொறந்து கேக்குறாரு, குடுத்துடேன். அவருக்கே ஞாபகம் இல்லாத விரதம் யாருக்கு?" இவர் மீன் சாப்பிடுகிறவர். எனக்காக அக்கா வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர். அதனால் இவர் பேச்சை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா, தெரியவில்லை.

சிதம்பரத்தில் இருக்கும் அண்ணனுக்குப் போன். அண்ணன்: "நீ மீன் குடுத்தீன்னா அப்பாவ நாமளே கொன்ன மாதிரி." கொள்கை அவனுக்கு, அடுப்படி எனக்கு.

யார் அப்பா? நாற்பது வருஷம் வேண்டாம் என்றவரா, இன்றைக்கு வேண்டும் என்கிறவரா? துணி மடிக்கும்போதும் இதே யோசனை. தலைவலி.

21, வியாழன்

தூறல். ஒரு காரியம் செய்தேன். வாழைக்காயைத் தோலோடு, மீன் துண்டு மாதிரி சாய்வாக நறுக்கி, மீன் குழம்பு மசாலா, பூண்டு, புளி தூக்கலாக. "மடவை மீனுப்பா."

சோறு முழுக்கச் சாப்பிட்டார். ஒவ்வொரு துண்டையும் பிட்டுப் பிட்டு முள் தேடினார். இல்லாத முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். ஒரு துண்டை என்னிடம் நீட்டி, "முள்ளு எடுத்துட்டேன், பயப்படாம தின்னு."

வாங்கித் தின்றேன். அழுகை வந்தது. ஒரு பெரிய மனுஷனை இப்படியா ஏமாற்றுவது?

22, வெள்ளி

காஸ் வந்தது. அண்ணனும் வந்தான், நனைந்துகொண்டே. அப்பா அவனிடம் சந்தோஷமாக: "நேத்து மீன் கொழம்பு. ஜாஸ்தியாவே தின்னுட்டேன்."

"அடிப்பாவி, என்னா காரியம் பண்ணிட்ட!"

வாழைக்காய் என்று ஒரு சொல் போதும். அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? காபி போட உள்ளே போனேன். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

இவர் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், "மச்சான், அது வாழக்கா" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அண்ணன் போன்: "அப்ப விரதம் கெடல. நல்ல வேல செஞ்ச."

நல்ல வேலையாம். மனசால் அப்பா மீன் தின்றாகிவிட்டது, அதுவும் என் கையால். ரெண்டும் கெட்டான் வேலை.

24, ஞாயிறு

வெயில். கூண்டு இறக்கியாச்சு. ஒரு வாரத் துணி மொட்டை மாடியில்.

நானே இவரை மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். மடவை. இவரே கழுவி, இவரே குழம்பு வைத்தார். இந்த வீட்டு அடுப்பில் முதல் தடவை. பக்கத்து பர்னரில் நான் வாழைக்காய். அண்ணனிடம் சொல்லவில்லை.

அப்பா முன்னால் ரெண்டு கிண்ணம்.

"இது மீனுப்பா, நெஜ மீனு. இது வாழக்கா. அன்னிக்கி நான் குடுத்ததும் வாழக்காதான், மீனுன்னு பொய் சொன்னேன். நீங்க மீனே வேணாம்னு விட்டவங்க. இப்ப எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"வேணாம்னு யாரு சொன்னா?"

"நீங்கதான். எனக்கு அப்ப நாலு வயசு."

மீன் கிண்ணத்தையே பார்த்தார். எச்சில் விழுங்கினார். நான் வேண்டாத சாமி இல்லை. என்னவென்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் தெரியவில்லை.

"நானா சொன்னேன்?"

"ஆமாம்ப்பா."

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்." மீன் கிண்ணத்தை இவர் பக்கம் தள்ளினார். "மாப்ள, நீங்க சாப்புடுங்க."

இவரால் சாப்பிட முடியவில்லை.

நாலு மணிக்குத் துணி எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறேன், அப்பா: "இன்னிக்கி மீன் கொழம்பு வெக்கலியா?"

"இருக்குப்பா" என்றேன். ரெண்டு கிண்ணத்தையும் மறுபடி எடுத்து வைத்தேன்.