மீடியத்தில் வெந்த வட்டிலப்பம்

நோன்பு 23, திங்கள்
விடியலிலேயே மழை. ஜமீலாவுக்கு ஏழாம் மாசம். படுக்கையை விட்டு எழவே கூடாதாம், டாக்டர் உத்தரவு. அவள் உம்மா புக்கிட் மேராவிலிருந்து போன். "பெருநாளன்னிக்கு வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போறேன். அங்க யாரு ஆக்கிப் போடுறது?"

நான் இருக்கேன் மாமி என்றேன். சிரிப்பு. "மாப்புள, அடுப்பு பத்த வைக்கத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் ஜமீலா போகமாட்டேன் என்று அழுகை. எனக்கும் அவளை அனுப்ப மனசில்லை. கடைசியில் ஒரு பேச்சு: பெருநாள் சோறு, கறி, இனிப்புக்கு வட்டிலப்பம் எல்லாம் நானே. மாமிக்குப் பிடித்தால் ஜமீலா இங்கேயே. மாமி சரி என்றார், அதே சிரிப்போடு.

மைக்ரோவேவ் இருக்க பயமேன். போனஸில் வாங்கியது. இதுவரை காப்பி சூடாக்க மட்டும்.

தேக்கா சந்தையில் வாங்க: முட்டை, தேங்காய், குலா மலாக்கா (பனைவெல்லம்), ஏலக்காய்.

நோன்பு 24, செவ்வாய்
தஞ்சோங் பகார் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தாச்சு. வட்டிலப்பம். மைக்ரோவேவ் குமிழ் ஹையில், எப்பவும் போல. நோன்பு, ருசி பார்க்க வழியில்லை. திறந்தால் முட்டை ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம்.

ஜமீலாவுக்கு நோன்பில்லை, ஒரு வாய் தின்றாள். "முட்டைப் பொரியலுக்கு ஏன் மச்சான் இவ்வளவு இனிப்பு?"

மைக்ரோவேவ் பெட்டியை ஜன்னல் வழியாக வீசலாம் என்று வந்தது. எட்டாவது மாடி, கீழே போகிறவன் பாவம்.

நோன்பு 26, வியாழன்
ஆட்டுக்கறியும் ஹை. ஓரம் வெந்து செருப்புத்தோல், நடுவில் ஐஸ். மகா கேவலம்.

ஜமீலா படுத்தபடியே: "உம்மா வட்டிலப்பத்தை சின்னத் தீயில ஆவியில வைப்பாங்க. நீங்க என்னமோ வீட்டக் கொளுத்துற மாதிரி. குறைச்சு வைங்களேன்."

குமிழை இன்றுதான் உற்றுப் பார்த்தேன். ஹை, மீடியம், லோ, டிஃப்ராஸ்ட். இத்தனை நாள் கண் எங்கே போச்சோ.

மீடியத்தில் பெட்டி கொஞ்சம் முனகுகிறது, கொஞ்சம் சும்மா கிடக்கிறது, மறுபடி முனகல். கெட்டுப்போச்சு என்று பயந்தேன். இல்லை, அதன் வேலையே அப்படித்தான். விட்டு விட்டு வேகவைக்கிறது.

நோன்பு 29, ஞாயிறு
கறி: ஐஸ் இளக டிஃப்ராஸ்ட், பிறகு மீடியம். அவசரம் கூடாது.
சோறு: ஹை, கொதித்ததும் மீடியம்.
வட்டிலப்பம்: மீடியம். நடு மட்டும் ஆடும்போது லோ.

ஜமீலா முழுக் கிண்ணத்தையும் காலி பண்ணினாள். நோன்பு திறக்க எனக்கு மிச்சம் வைக்கவில்லை. கோபமே வரலை.

பெருநாள், செவ்வாய்
வெயில். தொழுகை முடிந்து வந்தால் மாமி கூடத்தில். பக்கத்தில் பெரிய காலிப் பை, ஜமீலா துணிக்கு.

கறி தின்றார். மறுபடி சோறு வாங்கினார். வட்டிலப்பத்தில் கரண்டி வைத்தால் நடுங்கி நின்றது, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

"எந்தக் கடையில மாப்புள வாங்குனிய?"

"நம்ம கடைதான் மாமி." குமிழைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அரை மணி விளக்கம். ஜமீலா தலையணையில் முகம் புதைத்துச் சிரிப்பு. இந்த மாதிரி ஒரு சந்தோசம் என் கல்யாணத்தன்று கூட இல்லை (இதை அவள் படிக்கக் கூடாது).

அசர் தொழுகைக்குப் பிறகு மாமி கிளம்பினார். அந்தப் பெரிய பையில் ஒரே ஒரு தூக்குச்சட்டி, மாமாவுக்கு என் வட்டிலப்பம். ஜமீலா துணி எல்லாம் அலமாரியில்.