தட்டினால் நகரும் குறுக்குக் கோடு

ஏப்ரல் 14, 2009, செவ்வாய்

எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக நான் முயல் சுட்டுவரும் ஹை காஸ்டன் பண்ணைக்குள் இனிமேல் துப்பாக்கியோடு வரக்கூடாது என்று பண்ணைக்காரி ரூத் டிண்டால் சொல்லிவிட்டாள். என் கண்தான் காரணமாம். கண் இல்லை. ஸ்கோப். துப்பாக்கி மேல் மாட்டியிருக்கும் குறி பார்க்கும் குழாய்.

நடந்தது இது. பிற்பகல் நான்கு மணி. பார்லி வயலின் மேற்கு வேலியோரம் ஏழெட்டு முயல்கள். இந்த வருஷம் பத்து கெஜ அகலத்துக்குப் பயிரை மொட்டையடித்திருக்கின்றன. நான் கேட்டின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டேன். ஐம்பது கெஜம். பின்னால் மண்மேடு, காற்றும் இல்லை. ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடு ஒரு முயலின் தலைமேல் நின்றது. குண்டு பின்னங்காலில் பட்டது.

முயல் கத்தியது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான். ஆடுகளுக்குத் தீவனம் கொண்டுவந்த ரூத் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து கையாலேயே அதை முடித்தாள். பிப்ரவரியிலும் இப்படி ஒன்று நடந்தது. அன்று அவள் எதுவும் சொல்லவில்லை. இன்று சொன்னாள்.

"போதும், எட்வின். அப்பா இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பார்."

"ஸ்கோப் சரியில்ல, ரூத். போன மாசமே கடைக்கு அனுப்பினேன்ல?"

"கடைக்காரன் ஒண்ணும் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டானே. உங்களுக்கு எழுபத்து நாலு வயசாச்சு. கண்ணுன்னு ஒண்ணு இருக்கு."

அவள் அப்பா ரூபன் இருந்திருந்தால் முதலில் ஸ்கோப்பைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 15

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ஆறு ஸ்குரூவையும் பார்த்தேன். எல்லாம் இறுக்கம்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு டவுனுக்கு பஸ்ஸில் போனேன். கடையில் சட்டைப்பையில் மூன்று பேனா குத்திய ஒருவன் நின்றான்.

"சார், இத மெஷின்ல மாட்டிப் பாத்துட்டாங்க. குறையே இல்ல. சீட்டு வச்சிருக்கோமே."

"மெஷின் முயல் சுட்டுச்சா?"

"அது சரி சார். நீங்க ஒவ்வொரு குண்டுக்கும் குறி மாத்துற டயலைத் திருப்புறீங்களா?"

திருப்பியது உண்மைதான். ஒரு குண்டு இடது பக்கம் போனால் வலது பக்கம் நாலு சொடுக்கு, அடுத்தது வலது பக்கம் போனால் திரும்பவும் இடது பக்கம். மூன்று குண்டு போட்டுப் பார்க்காமல் டயலைத் தொட்டால் என் பழைய கூட்டாளி கிளெம் என் விரலில் அடிப்பான். அவன் இருந்த வரைக்கும் நான் தொட்டதில்லை.

கதவுவரை வந்தபோது பின்னாலிருந்து கேட்டான்: "சார், கடைசியா எப்ப கண்ணு டெஸ்ட் பண்ணீங்க?"

இவனுமா? ரூத் போன் போட்டுச் சொல்லியிருப்பாளோ? இல்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

ஏப்ரல் 19, ஞாயிறு

மழை. பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் ஞாயிறு கிளெம் ராஸ்த்ரிக்கும் நானும் காஸ்டன் மேட்டில் ஆளுக்கு ஒரு குறி அட்டையைச் சுடுவோம். ஐம்பது கெஜம், ஐந்து குண்டு. அவன் அட்டையில் நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன், என் அட்டையில் அவன் போடுவான். கையெழுத்து இல்லாத அட்டை செல்லாது. 1972 முதல் 2003 வரை முப்பத்திரண்டு அட்டைகள். 1978ஆம் வருஷத்து அட்டையில் ஐந்து ஓட்டையும் ஒரு அரைப் பென்னிக் காசுக்கு அடியில் மறையும். கீழே கிளெம் எழுதியிருக்கிறான்: "குருட்டு அதிர்ஷ்டம். கி.ரா."

அப்போதெல்லாம் என்னிடம் இருந்தது ஒரே ஸ்கோப். நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். திருப்ப ஒன்றும் இல்லை. காலையில் பனிப்புல் நனைய இருவரும் வயிற்றால் ஊர்ந்து போவோம். கிளெமின் பூட்ஸிலிருந்து ஆட்டுக் கொழுப்பு வாடை வரும். ரூபன் டிண்டாலின் நிபந்தனை இரண்டே: கேட்டை மூட வேண்டும், முதல் இரண்டு முயலைச் சமையலறைக் கதவருகே ஆணியில் மாட்ட வேண்டும். கதவைத் தட்டக் கூடாது. மாட்டிவிட்டுப் போய்விட வேண்டும். ரூத் அப்போது அந்த ஆணிக்கு எட்டாத உயரம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அம்மா, இன்னைக்கு கொழுத்தது" என்று கத்துவாள்.

கிளெம் போன பிறகு ஐந்து அட்டைகள் தனியாகச் சுட்டேன். சாட்சி இல்லை. அவற்றை நான் எண்ணுவதில்லை.

ஏப்ரல் 22

செப்டம்பரில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். எங்கே சுடப்போகிறேன் என்பதற்கு நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும். ரூத் போடாவிட்டால் துப்பாக்கியைப் போலீஸிடம் கொடுக்க வேண்டியதுதான். வேறு பண்ணையைக் கேட்கலாமே என்பார்கள். மாட்டேன். நான் தப்பு செய்தவன் மாதிரி அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டேன்.

ஏப்ரல் 25, சனி

சுடுவதற்கு நிலம் இல்லாமல் ஸ்கோப்பை எப்படிச் சோதிப்பது என்று பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். சுட வேண்டியதே இல்லை! கிளெம் ஒருமுறை செய்தான். துப்பாக்கியை அசையாமல் பூட்டிவிட்டு ஸ்கோப்பின் குழாயைத் தட்ட வேண்டும். உள்ளே ஏதாவது தளர்ந்திருந்தால் குறுக்குக் கோடு இடம் மாறும்.

ஏப்ரல் 26

துப்பாக்கியிலிருந்து குண்டு ஏற்றும் போல்ட்டைக் கழற்றினேன். பழைய போர்வையைச் சுற்றித் துப்பாக்கியை ஷெட்டிலுள்ள வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். தோட்டத்துக் கடைசிச் சுவரில் ஓர் அட்டை, முப்பது கெஜம். மேஜையில் உட்கார்ந்து அங்குலத்துக்கு ஒரு கட்டமாகப் பென்சிலால் நானே கோடு போட்ட அட்டை. ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டினேன்.

நகரவில்லை.

இன்னும் பலமாகத் தட்டினேன். நகரவில்லை. நகர்ந்திருக்க வேண்டும். தட்டும்போது என் தலையும் அசைகிறதோ? ஒரு ஆள் பார்க்க, ஒரு ஆள் தட்ட வேண்டும். எப்படியானாலும் சாட்சி இல்லாதது செல்லாது.

மே 2, சனி

டிலிஸை அழைத்துவந்தேன். கிளெமின் மனைவி. கணவன் போன பிறகும் என்னைக் குடும்பப் பெயரால் கூப்பிட்டுத் திட்டுவதை விடாதவள்.

"கால் மணி நேரம்தான், கார்பட். அடுப்புல கேக் இருக்கு." குனிந்து கண்ணை வைத்தாள். "இது என்ன, கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமா?"

"குறுக்குக் கோடு எங்க நிக்குது?"

"நடுக்கட்டத்துல. உன் மூக்கு மாதிரி கோணலா இல்ல, நேரா."

நான் தட்டினேன்.

"ஐயோ! குதிச்சிடுச்சு!"

"எவ்வளவு?"

"ஒரு கட்டம். இடது பக்கம். அங்கேயே நின்னுடுச்சு."

மறுபடி தட்டினேன். கீழே அரைக் கட்டம். ஐந்து முறை தட்டினேன், ஐந்து முறையும் குதித்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முப்பது கெஜத்தில் ஒரு அங்குலம் என்றால் ஐம்பதில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால். முயலின் தலைக்குப் பதில் காற்று, அல்லது கால். நான் சொன்னேன்! முதல் நாளிலிருந்து சொன்னேன்! எனக்கு ஷெட்டில் ஆட வேண்டும்போல இருந்தது.

"நீ பாரு, நான் தட்டறேன்" என்றாள் டிலிஸ்.

பார்த்தேன். தட்டினாள்.

"பாத்தியா?"

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன்.

"இந்தத் தடவ ரெண்டு கட்டம் போயிருக்குமே. கார்பட்? எந்தக் கட்டத்துல நிக்குது?"

கட்டமே தெரியவில்லை. வெள்ளையாக ஓர் அட்டை. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சிலுவை.

"லென்ஸ்ல பனி" என்றேன்.

டிலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "போன அக்டோபர்ல உன் பழைய ஸ்கோப்பை என்கிட்ட கொண்டுவந்து குடுத்தப்பவும் இதையேதான் சொன்ன. பனி பிடிச்சிடுச்சு, குருவி பாக்க வச்சுக்கோன்னு. நான் ஆறு மாசமா அதுல குருவி பாக்கறேன். அடையாளத்துக்குக் கால்ல மாட்டியிருக்கிற வளையத்தக்கூட எண்ணலாம். பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கேக் கருகிவிட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

மே 3, ஞாயிறு

எண்ணாத ஐந்து அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். பழைய ஸ்கோப், பழைய துப்பாக்கி. 2004இல் ஐந்து ஓட்டைகளும் இரண்டு பென்னிக்குள் அடங்கும். 2006இல் ஜாம் பாட்டில் மூடி. 2008இல் தேநீர்த் தட்டு. அதனால்தான் பெரிதாகக் காட்டும் புது ஸ்கோப் வாங்கினேன். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி எழுதிவந்திருக்கிறேன், இந்த நோட்டில்கூட.

ஸ்கோப் கெட்டதுதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நல்ல ஸ்கோப் இருந்தாலும் அந்த முயல் கத்தியிருக்கும். என்றைக்காவது.

மே 8

கண்புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது, இடதில் ஆரம்பம். ஆபரேஷன் ஜூலையில். பரிசோதித்த பெண், இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். பழக்கம் என்றேன்.

மே 13, புதன்

ரூத் வந்தாள். டிலிஸ்தான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஷெட்டுக்குள் வந்து, கேட்காமலே குனிந்து பார்த்தாள். தானே தட்டிப் பார்த்தாள். மூன்று முறை.

"அடப்பாவி. தவளை மாதிரி தாவுது."

"சொன்னேன்ல?"

"சொன்னீங்க. கண்ணு?"

"பாதி கண்ணு" என்றேன். "பாதிதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் போலவே ஒரு பக்கமாகச் சிரிப்பு. போகும்போது, "வேலியோரம் வலை போடறேன் இந்த வருஷம். பார்லி கொஞ்சம் போனாப் போகட்டும்" என்றாள். வேறு ஆளைக் கூப்பிடப் போவதாகச் சொல்லவில்லை.

மே 17, ஞாயிறு

செய்ய வேண்டியவை.

கடைக்காரன்: ஸ்கோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "குறை இருந்தது" என்று அதே மாதிரிச் சீட்டில் எழுதித் தர வேண்டும். டிலிஸ் கையெழுத்திட்ட கட்டக் கணக்கு அவனுக்குத் தபாலில் போகிறது. விட மாட்டேன்.

டிலிஸ்: ஜூலை 9 அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்துவர வேண்டும். ஒப்புக்கொண்டாள். வழி முழுக்கத் திட்டுவாளாம். பழைய ஸ்கோப்பை ஆகஸ்டில் கடனாகத் தர வேண்டும். குருவிகள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான்: கண்கட்டு அவிழ்த்த பிறகு மேட்டில் ஓர் அட்டை சுட வேண்டும், ரூத் அனுமதித்தால். ஐந்து குண்டு. டயலைத் தொடக் கூடாது. அரைப் பென்னி கேட்கவில்லை. இரண்டு பென்னிக்குள் அடங்காவிட்டால் துப்பாக்கியை நானே கொண்டுபோய்ப் போலீஸில் கொடுக்க வேண்டும். யாரும் சொல்லாமலே.

ரூத்: அந்த அட்டையில் சாட்சிக் கையெழுத்து. லைசென்ஸ் காகிதத்தில் அதற்குப் பிறகு, அவள் இஷ்டம்.

அதுவரை சமையலறைக் கதவருகே இருக்கும் ஆணியைப் பிடுங்க வேண்டாம்.