எண் போடாத நாற்பத்து மூன்று பக்கங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் மாப்பிள்ளையும் உடம்பளவில் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று வழக்கமாக இந்த இடத்தில் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை பதிலுக்காகவே கேட்கிறேன், எப்படி இருக்கிறாய். போன் இருக்கும்போது இதென்ன காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை வக்கீலம்மா கூரியரில் அனுப்புகிறார், அந்த உறைக்குள்ளேயே இதையும் வைக்கச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். போனில் என்றால் நீ ஒன்று கேட்பாய், நான் ஒன்றைச் சொல்லி மழுப்புவேன், கடைசியில் மழை பெய்ததா என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். எழுதினால் நடுவில் யாரும் பேச முடியாது, அதற்காகத்தான்.

இங்கே பெரிதாக விசேஷம் ஒன்றுமில்லை. என் முழங்கால் பழையபடிதான், மாடிப்படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரி செய்கிற மாப்பிள்ளை, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தினமும் மூச்சு வாங்க ஏறி வருகிறார், கீழ் வீட்டு டெய்லர் அதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை. ஜெராக்ஸ் கடையில் புது மெஷின் வந்திருக்கிறது, இரண்டு பக்கமும் தானே திருப்பி எடுக்கிறது, ஆனால் பைண்டிங் இன்னும் என் கையில்தான். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு வரும் பருவம் என்பதால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கட்டு துளை போட்டுச் சுருள் கோக்கிறேன். முதலாளி, உங்களுக்கு வயசாகுது மெதுவா பண்ணுங்க என்கிறார், ஆனால் ஐந்து மணிக்குள் வேண்டும் என்றும் அவரேதான் சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் வர மாப்பிள்ளை கேட்ட விசாவுக்கு மறுப்புக் கடிதம் வந்து இன்றோடு எட்டு நாள். மூன்று பக்கமும் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. கல்யாணமான இந்த இரண்டரை வருஷத்தில் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது எழுபத்தொரு நாள், மீதியெல்லாம் போனில் நடத்திய குடும்பம். அந்தப் போன் செய்திகளைப் படித்துப் பார்த்ததில் சாப்பிட்டாயா, தூங்கினாயா, பஸ் கிடைத்ததா என்பதைத் தவிரக் கணவன் மனைவி பேசிக்கொள்கிற மாதிரி ஒன்றுமே இல்லையாம். அதிலும் போன வருஷம் நடுவில் பத்தொன்பது நாள் பேச்சே இல்லையாம், ஏன் என்று எங்கேயும் விளக்கம் இல்லையாம். ஆகவே இது உண்மையான திருமணம் என்று நம்ப இடமில்லை, விசாவுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடாக இருக்கலாம் என்று முடித்துவிட்டார்கள். வக்கீலம்மா அதை வரிவரியாக எங்களுக்குப் புரியும்படி சொன்னபோது மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அந்த அறைச் சுவரில் இருந்த கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த எட்டு நாளும் அப்படியேதான் இருக்கிறது, உட்கார்ந்து எழுந்த கால் மாதிரி உள்ளே மரத்துப்போய் இருக்கிறது. பசி எடுக்கிறது, சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது.

அவர்கள் போனில் நடத்திய நேர்காணலில் மாப்பிள்ளை சொன்ன பதில்களையும் எழுதியிருந்தார்கள். உங்கள் உறவு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நல்ல கண்டிஷன்ல இருக்குங்க என்றாராம். மொழிபெயர்த்தவர் என்ன பாடுபட்டாரோ. மனுஷருக்கு எல்லாமே லிஃப்ட்தான். சேர்ந்து வாழ்ந்ததில் உங்களுக்கு வந்த பெரிய கஷ்டம் என்ன என்று கேட்டதற்கு, அப்படி ஒண்ணும் இல்லைங்க என்றிருக்கிறார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ அவரிடம் வாக்கு வாங்கியிருந்தாய். எல்லாம் பேப்பர்ல இருக்கே, அவங்களே படிச்சுக்குவாங்கன்னு நினைச்சேன் என்று வக்கீலம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பேப்பரில் இல்லை. அந்தப் பத்தொன்பது நாள் பக்கங்கள், விண்ணப்பத்தோடு அனுப்பிய போன் செய்திக் கட்டிலேயே இல்லை. அவற்றைப் பிரிண்ட் எடுக்காமல் விட்டது தான்தான் என்று அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார், நீ அதை நம்பி, உங்களுக்கு வெட்கமா இருந்திருக்கும் அதான் மறைச்சிட்டீங்க என்று சொல்லிவிட்டு எட்டு நாளாக அவரிடம் பேசாமல் இருக்கிறாய். அவர் எதையும் விடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் எடுத்துத்தான் என்னிடம் கொடுத்தார். அதிலிருந்து நாற்பத்து மூன்று பக்கத்தை உருவியது நான்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் வைத்துத்தான் உங்கள் கட்டை பைண்ட் செய்தேன். அத்தை நீங்க படிக்க வேண்டாம், அப்படியே கோத்துக் கொடுத்துடுங்க என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷமாக நான் பைண்ட் செய்வதைப் படித்ததில்லை. விவாகரத்து மனு வரும், சொத்துச் சண்டை வரும், எதுவும் கண்ணில் ஏறாது. ஆனால் எண் போடுவதற்கு முன்னால் பக்கம் வரிசை மாறியிருக்கிறதா என்று ஒரு தாளின் கடைசி வரியையும் அடுத்த தாளின் முதல் வரியையும் பார்ப்பேன், அது பழக்கம். உன் கட்டிலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். சாப்டீங்களா, ம், நீ, ஆச்சு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாளின் கடைசியில் வயிறு வலிக்குது என்று இருந்தது. அடுத்த தாளின் முதல் வரியில் ரத்தம் என்று இருந்தது. அதற்கு மேல் வரிசை பார்க்கவில்லை, உட்கார்ந்து படித்தேன். உனக்கு மூன்றாம் மாதம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தெரிந்த அடுத்த வரியிலேயே அது போய்விட்டதும் தெரிந்துவிட்டது.

அவர் உன்னிடம் கேட்டதைப் படித்தேன், அன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம்ல என்று. அப்போது அவர் பக்கத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நீ திருப்பிச் சொன்னதையும் படித்தேன், டயாலிசிஸ் வார்டில் ஆள் இல்லாதபோது மெஷினில் படுத்திருக்கிறவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நீ கேட்டதையும், அதற்குப் பிறகு நீ சொன்ன கடும் சொற்களையும். உன் வாயில் அப்படி வரும் என்று நான் நினைத்ததில்லை. அதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். பிறகு அவர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார், லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், நீ பதில் போடவே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு பக்கம் முழுக்க ஒரே வார்த்தைதான், இருக்கேன், இருக்கேன், இருக்கேன் என்று மணிக்கொரு தரம். நான் எண்ணிப் பார்த்தேன், பதினாறு. கடைசியில் நீ தெரியும் என்று ஒன்றே ஒன்று போட்டிருந்தாய். அதற்கப்புறமும் ஒரு வாரம் இழுத்து, பத்தொன்பதாம் நாள் நீதான் சாப்டீங்களா என்று கேட்டாய்.

இதையெல்லாம் ஒரு ஆபீஸில் யாரோ ஒருவர் டீயைக் குடித்துக்கொண்டு படிப்பார், பென்சிலால் கோடு போடுவார் என்று நினைத்தேன். என் மகள் ரத்தம் என்று எழுதிய இடத்தில் அவர் கோடு போடுவார். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று நான் சொல்லி வளர்த்ததெல்லாம் அந்த நேரம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. சண்டை இருந்தால் விசா கொடுக்க மாட்டார்கள் என்றும் தோன்றியது, எனக்குத் தெரிந்த அறிவு அவ்வளவுதான். நாற்பத்து மூன்று தாளையும் உருவி என் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதிக்கு ஒன்றிலிருந்து முந்நூற்று அறுபத்தொன்பது வரை எண் குத்தினேன். எண் எங்கேயும் தாண்டவில்லை. பார்க்கிறவருக்கு நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. நேர்த்தியாகத்தான் செய்தேன், நேர்த்தியாகச் செய்துதான் கெடுத்தேன். வக்கீலம்மா சொன்னார், அவங்க தேடுறதே சண்டையைத்தாம்மா, ரெண்டரை வருஷம் சண்டையே போடாத புருஷன் பொண்டாட்டின்னா யார் நம்புவா என்று. அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளைக்கு எப்போது தெரிந்தது என்றால், மறுப்புக் கடிதம் வந்த அன்றைக்கே. வீட்டில் இருந்த நகல் கட்டைத் தரையில் வைத்துப் பிரித்து, தேதி தேதியாகப் பார்த்தார். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், குழாயை நிறுத்தவே இல்லை. அந்தத் தேதி வந்ததும் அவர் கை நின்றது. இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு கட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து, அத்தை, டீ போடட்டுமா என்று கேட்டார். போட்டார். இருவரும் குடித்தோம். அப்புறம் உன்னைக் கூப்பிட்டு நான்தான் விட்டுட்டேன் என்றார். பக்கத்து அறையில் இருந்த எனக்கு நீ போட்ட சத்தம் நன்றாகவே கேட்டது. அப்போதே எழுந்து போய்ப் போனை வாங்கிச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு நான் செய்தது தெரியும், தெரியும் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் தினமும் காலையில் அத்தை சாவி எடுத்துக்கிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்குகிறார். இப்படிப்பட்டவரை விசாவுக்காகக் கட்டிக்கொண்டவர் என்று மூன்று பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடம் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை உறையில் போட்ட பிறகு கேட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பக்கங்கள் ஏன் இல்லை, யார் எடுத்தார்கள் என்று ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றார் வக்கீலம்மா. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், படித்தேன், பெற்றவளால் அதை அந்நியருக்கு அனுப்ப முடியவில்லை என்று போட்டேன். நீட்டி எழுதலாமா என்று கேட்டேன், இது போதும்மா என்றார். அந்த நாற்பத்து மூன்று பக்கத்தையும் இந்த முறை சேர்க்க வேண்டுமானால் உன் சம்மதக் கையெழுத்து வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலும் இருந்தால் நல்லது. சேர்க்க வேண்டாம் என்று நீ சொன்னாலும் சரி, உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நானும் மாட்டேன், ஆனால் அவை இல்லாமல் விசா கிடைப்பது கஷ்டம் என்றுதான் வக்கீலம்மா சொல்கிறார். என்னைக் கேட்டால், அந்த இருக்கேன் பக்கத்தை முதல் பக்கமாக வைத்து ஒன்று என்று எண் குத்துவேன். ஆனால் இது உன்னுடையது. இந்த முறை நீ சொல்லாமல் நான் எதையும் எடுக்கவும் மாட்டேன், வைக்கவும் மாட்டேன்.

தாள்களில் மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறது, நீல மையால் கையெழுத்துப் போடு, கோட்டைத் தாண்டாதே, தேதி போட மறக்காதே. அதற்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூப்பிடு, உறை வந்து சேர்ந்தது என்று சொல்வதற்காகவாவது கூப்பிடு. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்து நேருக்கு நேர் சண்டை போட்டு, அந்த வீட்டிலேயே சமாதானமாகி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு அனுப்பிய மூன்றாவது செய்தியில், அம்மாகிட்ட சொல்லாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்க என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கு நான் மாலை வரை கடையில்தான் இருந்தேன். நான்கு ஆய்வேடு பைண்ட் செய்தேன், ஒன்றில்கூடத் துளை பிசகவில்லை. வீட்டுக்கு வந்து சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது குரல் மாறாமல் பேசினேன், நீயும் குரல் மாறாமல்தான் பேசினாய். அழுகை அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஐந்து மாதமாகத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், தனியாக. நீ அதற்கும் முன்னாலிருந்து தாங்குகிறாய். அம்மாவிடம் சொல்லலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா