முன்னறைத் தரைக்கு என்ன ஓடு

9.8.1991, வெள்ளி
ஆடி வெள்ளி. மாவிளக்கு போட்டேன். புது வீட்டில் சுவர் பூச்சு முடிந்தது. ஆவணி இருபத்தெட்டில் கிரகப்பிரவேசம். மிச்சம் தரை மட்டும். முன்னறையில்தான் லீலாவும் நானும் இன்னும் மூன்று பெண்களும் கை மெஷின் வைத்துக் கம்பெனிகளுக்குக் கையுறை தைக்கப்போகிறோம். பகல் முழுக்க அந்தத் தரைதான் எங்களுக்கு நாற்காலி. என் வீட்டுக்காரருக்கோ அவர் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டில் பார்த்த பளபளா வெள்ளை டைல்ஸ் வேண்டும். வடக்கே எங்கோ சுட்டு, லாரி ஏறி வருகிறது அது. இங்கே நாகப்பன் சூளையில் சுட்ட செம்மண் தரை ஓடு, தட்டோடு, இருக்க, அத்தனை டீசல் குடித்துவிட்டு வரும் ஓடு எதற்கு? கேட்டேன்.
"டீசல் நீயா ஊத்தற, ஜோதி?" என்றார்.

10.8.1991, சனி
பேச்சு முற்றி, பெருமாளிடம் விட்டோம். பூப் போட்டுப் பார்ப்பது. வெள்ளை வந்தால் அவருடைய டைல்ஸ், சிவப்பு வந்தால் என் தட்டோடு. நான் விளக்கேற்றப் போனதால் பொட்டலம் இரண்டையும் அவரே கட்டினார். சன்னதியில் யாரோ ஒருத்தி இடுப்பில் இருந்த குழந்தையை எடுக்கச் சொன்னோம். அது எடுத்து நேரே வாயில் வைத்தது! பிடுங்கிப் பிரித்தால் — நந்தியாவட்டை. வெள்ளை. வழியெல்லாம் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே வந்தார் மனுஷன்.
சரி பெருமாளே. சொன்னது சொன்னதுதான்.
பிரிக்காத பொட்டலத்தைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். பாதத்தில் இருந்த பூவைக் குப்பையில் போடலாமா? வாடினதும் துளசிக்கு அடியில் சேர்க்க வேண்டும்.

13.8.1991, செவ்வாய்
துளசியில் சேர்க்கப் பிரித்தேன். இதிலும் வெள்ளை!
இரண்டிலும் வெள்ளை!
கோபம்தானே வரணும்? எனக்கோ சிரிப்பு. அடுப்பில் குழம்பு தீயுது, நான் ஒக்காந்து சிரிச்சிக்கினு கீறேன்.
ஷிப்ட் முடிந்து வந்தவருக்குத் தட்டில் சோற்றுக்குப் பதில் பொட்டலத்தை வைத்தேன்.
"பெருமாளுக்குக் கொயப்பம் வரக்கூடாதுன்னுதான்..." என்று இழுத்தார்.
"சாமிகிட்டயே மால் மாத்துவீங்களா? கம்பெனியில இதான் கத்துக் குடுக்கறாங்களா?"
அவரும் சிரித்துவிட்டார். "சரி சரி, ஒன் தட்டோடே போட்டுக்கோ. சோத்தப் போடு."
ஜெயித்தேன்!

14.8.1991
ஜெயித்து என்ன?
லீலாவையும் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போனேன். அவள் வீடு அதை ஒட்டித்தான். ஓடு என்ன அழகு, தட்டினால் மணி மாதிரி. பின்பக்கம் போனால் கன்னங்கரேலென்று புகை. சூளை வாயில் பழைய டயர். லீலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமத் தொடங்கினாள், நிற்கவே இல்லை. அவளுடைய இருமலைச் சளி என்றல்லவா நினைத்திருந்தேன்!
"வெறகு எங்கக்கா கெடைக்குது? டயர்னா சும்மாவே தள்றானுங்கோ," என்றார் நாகப்பன்.
இவள் நெஞ்சில் புகையை ஏற்றிச் சுட்ட ஓட்டின்மேல் இவளையே உட்கார வைப்பேனா? மாட்டேன். "டயர நிறுத்து, பின்கட்டு முழுக்க உன் ஓடுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.
வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. மண் தரையில் பால் காய்ச்சுவதா?

17.8.1991, சனி
ஆவணி பிறந்தது. கோவிலில் நிற்கும்போது தோன்றியது. யார் கட்டினால் என்ன, இரண்டு பொட்டலமும் சாமி பாதத்தில்தானே இருந்தன? பெருமாளுக்குத் தெரியாமலா? எதை எடுத்தாலும் வெள்ளை என்றால், வெள்ளைதான் உத்தரவு. ஆனால் எந்த வெள்ளை?
திரும்பும்போது பஸ் ஜன்னலில் பார்க்கிறேன், ஏரிக்கரையில் ஒரு லாரி வெள்ளை வெளேரென்று எதையோ கொட்டப் பார்க்கிறது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடினேன். ஓடினேன்! ஒரகடம் பக்கம் ஏதோ கேண்டீனுக்கு வந்த டைல்ஸாம், வழியிலேயே நொறுங்கிவிட்டதாம். அதை ஏரித் தண்ணீரில் தள்ளுகிறார்கள்.
"எனக்குக் குடுப்பா."
"மொத்தமும் எத்துக்கோம்மா, எனக்கு வேல மிச்சம்," என்றார் டிரைவர்.
லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து, டைல்ஸோடு எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்தில் வந்து இறங்கினேன். டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது.

19.8.1991
சுப்பன் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.
"ஒடைஞ்சத புது வூட்டுல போடறதா? ஆவாதும்மா. நான் கை வெக்க மாட்டேன்."
எனக்கும் திக்கென்றது. நியாயம்தானே. சாமி முன்னால் உட்கார்ந்தேன், பதில் வரவில்லை.

20.8.1991
வந்துவிட்டது! புது வீட்டுக்கு ஏன் பூசணிக்காய் உடைக்கிறோம்? திருஷ்டி அதோடு போகட்டும் என்றுதானே? இந்த ஓடு வாசல் மிதிக்கும் முன்பே உடைந்துவிட்டது. திருஷ்டி கழிந்தே வந்திருக்கிறது. இனி உடைய என்ன இருக்கு?
சுப்பன் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "பாயிண்டாத்தான் கீது," என்று கரண்டியை எடுத்தார்.

29.8.1991
துண்டு துண்டாய்ப் பதித்து, கூர் முனையெல்லாம் தேய்த்தாயிற்று. அவரும் ஷிப்ட் முடிந்து வந்து துண்டு பொறுக்கித் தருகிறார். "பளபளன்னு வரும்னு நான் அப்பவே சொல்லல?" என்கிறார். சொன்னாராம்!

13.9.1991, வெள்ளி
பால் பொங்கியது. பசுவும் கன்றும் முன்னறை முழுக்க ராணி மாதிரி நடந்தன. சூப்பர்வைசர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். "எங்க வூட்டு டைல்ஸ்ல மாடு வழுக்கி, ஐயரு மேல சாஞ்சிடுச்சும்மா," என்றார் சோகமாக. கம்பெனி டூல் ரூமுக்கும் இதே மாதிரி போடலாமா என்று சுப்பனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார்.
லீலா பாய் விரிக்காமல் தரையில் உட்கார்ந்து, "ஜில்லுன்னு கீதுக்கா," என்றாள்.

20.9.1991, வெள்ளி
நாகப்பன் சூளையில் இப்போது வேர்க்கடலைத் தோல் எரிகிறது. லீலாதான் வந்து சொன்னாள், நடுவில் இருமாமல்.
இவரோ பின்கட்டுக்குச் சிமெண்டே போதும் என்கிறார். எதற்கு வாக்குவாதம்? பூப் போட்டுப் பார்ப்போம், வெள்ளை வந்தால் சிமெண்ட், சிவப்பு வந்தால் தட்டோடு என்றேன். நாளை புரட்டாசி முதல் சனி. பொட்டலம் இரண்டையும் இப்போதே நான் கட்டி வைத்துவிட்டேன்.
பூக்கார கோவிந்தம்மாதான் கேட்டாள், "இன்னாம்மா, வெள்ளப் பூவே வாங்கல?" என்று.