என் பெயரில் வந்த மழைப் படம்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் மாமாவின் இருமல்கூட நலமாகத்தான் இருக்கிறது, போக மாட்டேன் என்கிறது.

நீ ஃபோனில் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்கிறேன். ஃபோன் என்றால் நீ குரலைக் குழைப்பாய், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவேன். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு இது தெரியாதா?

வாட்ஸ்அப் குழுவில் நான் நடத்துகிற மாதாந்திரப் படம் பார்க்கும் சவாலை, உன் கம்பெனி தங்கள் சினிமா ஆப்பில் போட ஆசைப்படுகிறது என்றாய். சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். கண் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் டோக்கன் கொடுக்கிறவளை ஒரு சினிமாக் கம்பெனி தேடி வருகிறது! உன் மாமா, "சினிமா பாக்குறதுக்குப் பரீட்சை வைக்கிற ஒரே ஆளு நீதான்டி" என்று கிண்டல் செய்துகொண்டே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனால் ஒன்று. மாதத்துக்கு ஒரு தலைப்பு, எட்டுப் படம். எட்டையும் நான் கடைசிவரை பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏறும். ஓட்டிப் பார்க்கிற கதையே கிடையாது. அப்புறம் ஒவ்வொரு படத்தின் கீழும் "யாருக்கு வேண்டாம்" என்று ஒரு வரி எழுதுவேன். வேலை போனவருக்கு இந்த மாதம் வேண்டாம், நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டாம் என்று. அந்த வரியை நம்பித்தான் எங்கள் குழுவில் பாதிப் பேர் படமே போடுகிறார்கள். இதிலெல்லாம் கை வைக்காமல் இருந்தால் என் பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாதத் தலைப்பு மழை. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 15

என் செல்ல அக்காவுக்கு,

சவால் ஆப்பில் வந்துவிட்டது! முகப்பிலேயே உன் பெயர், இத்தனை பெரிய எழுத்தில். ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் துள்ளிக் குதித்தேன்.

ரெண்டு சின்ன விஷயம். கத்தக் கூடாது. உன் எட்டில் மூன்று படங்கள் எங்களிடம் இல்லை. அதனால் எங்களிடம் இருக்கிற மழைப் படங்களாகப் பார்த்து நானே மூன்றைச் சேர்த்துவிட்டேன். அப்புறம் அந்த "யாருக்கு வேண்டாம்" வரி. மேனேஜர், "கடை வாசல்லயே வாங்காதீங்கன்னு யாராவது போர்டு வைப்பாங்களா?" என்று கேட்டார். அதை மட்டும் எடுத்துவிட்டோம். மற்றதெல்லாம் நீ எழுதியபடியே.

உன்னால் எனக்குப் பதவி உயர்வு பேச்சு அடிபடுகிறது, தெரியுமா? மாமாவிடம் சொல். சிரித்துக்கொண்டே ஆசீர்வாதம் பண்ணு.

உன் வாலு


மார்ச் 23

வாலுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

எங்கள் குழுவில் பள்ளி பஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேனே, போன வருஷ வெள்ளத்தில் பையனைப் பறிகொடுத்தவர். அதற்கப்புறம் படம் பார்ப்பதையே விட்டிருந்தார். ஆப்பில் என் பெயரைப் பார்த்த தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு படம் போட்டிருக்கிறார். நீ சேர்த்த மூன்றில் ஒன்று அது. கீழே, நான் எழுதியது மாதிரி, "மனசை லேசாக்கும் மழை. குடும்பத்தோடு பாருங்கள்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் என் ஜன்னலருகே குனிந்து, "நீங்க சொன்னதுன்னுதானேம்மா உக்காந்தோம்," என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்றவர் அவசரப்பட்டார். அண்ணன் போய்விட்டார்.

அன்று மாலையே குழுவில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் படத்தைப் பார்த்தேன். இடைவேளை வரைக்கும் லேசாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து கதையில் வருகிற சின்னப் பையனை அடித்துக்கொண்டு போகிறது. நீ இடைவேளையைத் தாண்டவே இல்லை. தாண்டியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டாய், என் தங்கையை எனக்குத் தெரியும்.

என் பெயரை எடுக்கச் சொல். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நடந்ததை நான் குழுவில் எழுதத்தான் போகிறேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆமாம், பாதிதான் பார்த்தேன், அதுவும் இரட்டை வேகத்தில். எங்கள் ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறோம். இல்லாவிட்டால் வேலை முடியாது. உன்னை மாதிரி ஒரு படத்தோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க எங்களுக்குக் கொடுப்பினை இல்லை.

அந்தப் படத்தை எடுத்தாயிற்று. அதோடு விட்டுவிடேன். நீ எழுதினால், சேர்த்தது யார் என்று கேள்வி வரும். என் சீட்டு கிழியும். மேனேஜர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இரு என்றுதானே கேட்கிறேன், வேறென்ன கேட்டேன்? அந்த பஸ் அண்ணன் உனக்கு யார்? நான் உன் கூடப்பிறந்தவள் இல்லையா?

வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

எழுதிவிட்டேன். நேற்றே எழுதிவிட்டேன். என் பெயரில் வந்த பட்டியலில் நான் பார்க்காத படங்கள் இருக்கின்றன, இனிமேல் அந்த ஆப்பில் என் பெயரில் எது வந்தாலும் நம்பாதீர்கள் என்று. உன்னைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. யார் கேட்டாலும் சொல்லவும் மாட்டேன்.

உன் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். எழுதியதை எடுக்காவிட்டால் கேஸ் போடுவார்களாம். "தாராளமா போடுங்க சார். நோட்டீஸ் குடுக்க ஆஸ்பத்திரிக்கே வாங்க. ஆனா டோக்கன் எடுத்துட்டு வரிசையில நிக்கணும்" என்றேன். உன் மாமா இருமலையும் மறந்து சிரித்தார்.

பஸ் அண்ணன் எனக்கு யார் என்று கேட்டாய். என் பேச்சை நம்பி உட்கார்ந்தவர், போதாதா? வாலு, ஆஸ்பத்திரியில் நான் ஒரு ஜன்னல். வீட்டில் அடுப்படி. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்தச் சவால் ஒன்றுதான் இருக்கிறது. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று முகம் தெரியாத நாலு பேர் நினைக்கிறார்கள். அதை யாருக்காகவும் விட்டுத்தர மாட்டேன். உனக்காகவும்தான். இதை எழுதும்போது அழுகிறேன், ஆனாலும் மாட்டேன்.

வேலை போனால் நேராக இங்கே வந்துவிடு. போகாவிட்டாலும் அந்தப் படத்தை ஒரு தடவை முழுசாகப் பார். என்னைத் திட்டிக்கொண்டாவது பார்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

வேலை போகவில்லை. புகார் கேட்கிற பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். பதவி உயர்வு போயே போச்சு. மேனேஜர் கூப்பிட்டு, "உங்க அக்காவ எப்படியாவது சமாதானப்படுத்த முடியுமா?" என்றார். "முடியாது சார், அவ அப்படிப்பட்ட ஆளில்ல" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

படத்தைப் பார்த்தேன், முழுசாக. போன சனிக்கிழமை உங்கள் ஊருக்கும் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. பஸ் அண்ணன் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

படத்துக்குக் கீழே அந்த வரியை எழுதியது நான்தான், அக்கா இல்லை என்றேன். கதவை முழுசாகத் திறந்தார். அப்புறம் உள்ளே வரச் சொன்னார், நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவே இல்லை.

"நாங்க பாதியிலயே எழுந்துட்டோம். அந்தப் பையனோட அப்பா அதுக்கப்புறம் என்னம்மா பண்றாரு?" என்று கேட்டார்.

சொன்னேன். ரொம்ப நாள் வெளியே வருவதில்லை, அப்புறம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து உடைந்த கரையைக் கட்டப் போகிறார், சண்டை போட்டுக்கொண்டே கட்டுகிறார் என்று.

"யார்கூட சண்டை?"

"எல்லார்கூடவும்ண்ணா."

"போடுவாரு. போடத்தானே செய்வாரு," என்றார்.

அதுவரை உள்ளறையில் இருந்த அவர் மனைவி வெளியே வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நாங்க எழுந்த இடத்துலேந்து சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு," என்றார். சொன்னேன் அக்கா, ஒன்றையும் விடாமல். முடிக்கும்போது இருட்டிவிட்டது.

உன்மேல் கோபம் தீரவில்லை. ஃபோன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். தீர்ந்ததும் நானே வருகிறேன்.

உன் தங்கை