குப்புறக் கிடந்த துவைகல்

செமாராங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கினாசிக்கு அம்மா எழுதுவது. அல்லாவின் கருணையால் அப்பாவும் நானும் சுகம், நீயும் தைவானில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். அப்பாவை இருமல் விட்டது, அவர்தான் சிகரெட்டை விடவில்லை. குரல் ஏன் சரியில்லை என்று போனில் கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை, வெட்கம். வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

சுதந்திர தினத்துக்கு நம் தெருத் தலைவர், வீட்டுக்கு ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்லுங்கள், நம் தெருவின் சரித்திரம் அதில்தான் இருக்கிறது என்றார். ஆளாளுக்கு அரிக்கேன் விளக்கு, கரி இஸ்திரிப்பெட்டி என்று கொண்டுவந்தார்கள். நான் விடுவேனா, கிணற்றடித் துவைகல்லைப் பெயர்த்து நாலு பேரைத் தூக்கவைத்தேன். உன் தாத்தா குன்றிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தது, கினாசியின் பீத்துணிகூட இதில்தான் துவைத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, அடிப்பக்கம் ஒரே சேறு என்று யாரோ புரட்டி வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். சீன எழுத்துகள் தெரிந்தன. அந்தக் குன்றில் சீனர் இடுகாட்டை அழித்து வீடு கட்டிய காலத்தில் ஊரே கல்லறைக் கல் எடுத்தது நமக்குத் தெரியாததா, பாதிச் சாக்கடை மூடிகள் அதுதானே. ஆனாலும் நம் வீட்டுக் கல்லை ஒருநாளும் நான் புரட்டிப் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு கியோக் அக்கா லும்பியாப் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்தாள். அவளுக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது, அவள் படித்த காலத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் விட்டதா என்ன. அவள் வீட்டுச் சாமி மாடத்தில் தாத்தா பெயராக எழுதிவைத்திருக்கும் மூன்று எழுத்து மட்டும் கண்ணுக்குப் பழக்கம். அதே மூன்றைக் கல்லில் விரலால் தடவி, "இது எங்க தாத்தாடி சுமி" என்றாள். என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "நாங்க ஒண்ணும் திருடல, மாமனார் கொண்டாந்து போட்டது." செத்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நின்றேன். அவள் சிரித்தாள். "விடுடி, இத்தன வருஷமா சோப்புத் தண்ணியிலயே குளிச்சிருக்காரு, இந்தத் தெருவுலயே சுத்தமான மனுஷன் அவருதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் மகளே.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏப்ரலில் அவர்கள் முன்னோர் கல்லறை கழுவும் நாளில், மிச்சமிருக்கும் இடுகாட்டில் கல்லைத் திரும்ப நட்டுவைக்கப் போகிறார்களாம். என்னைப் பேசவே விடவில்லை. "முதுகத் தேச்சது போதும், மூஞ்சியையும் ஒரு தடவ தேச்சுக் குடு" என்றாள். பழைய பல் பிரஷ்ஷை வைத்து எழுத்து எழுத்தாகச் சேறெடுத்தேன். பெயர் என்ன என்று கேட்டேன். "தாத்தான்னுதான் சொல்லுவோம். வாசிக்கத் தெரிஞ்சவரு எங்கப்பா, அவரோட அதுவும் போச்சு" என்றாள்.

அந்த மூன்று எழுத்தையும் பார்த்து வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், கோணல்மாணலாக இருக்கும். நீ வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம் காட்டி, எப்படிச் சொல்வது என்று நம் எழுத்தில் எழுதி அனுப்பு. தொழுகையை விடாதே, குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, அல்லா உன்னை நிழல்போல் காக்கட்டும். ஏப்ரலுக்குள் மறக்காமல் எழுது. இத்தனை வருஷம் அவர் முதுகில் துணி அடித்தவள், மன்னிப்பையாவது பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

உன் அம்மா,
சுமிரா