மூன்று ஒன்றுகளும் முப்பத்தொரு விளக்குகளும்

திரை சூழ்ந்த வலம்புரித் தீவின் தலைவர், புயலுக்கு முதுகு காட்டாத நாவாய்களின் நாயகர், அருளரசர் நீலவேள் அவர்களின் திருமுன்னர்க் கொன்றைநாட்டு அரசி உமையாம்பிகை தேவியார் விடுத்தருளும் ஓலை. தங்கள் துறைகளில் மீன் பெருகுக. தங்கள் மாளிகையில் சிரிப்பொலி ஓயாதிருக்க.

தங்கள் மைந்தர் இளம்பரிதியாருக்கும் எங்கள் மகள் தேமொழிக்கும் மணம் பேசியபோது, எங்கள் குல வழக்கப்படி, எவ்வகையிலும் சமமாகப் பங்கிட முடியாத எண்ணிக்கையில் விளக்குகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். மணமக்களை எவராலும் பிரிக்க இயலாது என்பதற்கு அதுவே அடையாளம். தங்கள் ஓலையில் அந்த எண்ணிக்கை மூன்று ஒன்றுகளாக வரையப்பட்டிருந்தது.

பத்துப்பத்தாக எண்ணிப் பழகிய எங்கள் அமைச்சர் வேட்டனார் அதை நூற்றுப்பதினொன்று என்று படித்தார். மூன்று பங்காக்கினார்; பங்குக்கு முப்பத்தேழாகப் பிசகின்றிப் பிரிந்தது. பிரிகிற எண்ணை அனுப்பியவர்கள் பெண்ணை எப்படிக் காப்பார்கள் என்று அவையில் கொதித்தார். பெட்டிகளைத் திறந்தால் விளக்குகள் முப்பத்தொன்றே! மீதி எண்பதைத் திருடியதாகத் தங்கள் மாலுமிகள் காவலில் வைக்கப்பட்டார்கள். நெய்ச்சோற்றுக்குக் குறைவில்லை, அஞ்சற்க. மாலை ஓதம் பெருகும் வேளையில் விளக்குகளோடு மறுப்போலையும் திரும்பிச் செல்லக் கலம் காத்திருந்தது.

தேமொழி அழவில்லை, உண்ணவுமில்லை. சாளரத்தில் நின்று அந்தக் கலத்தையே பார்த்திருந்தவளுக்கு, முன்பு தங்கள் மைந்தரோடு படகில் சென்ற நாள் நினைவுக்கு வந்தது. துள்ளிய ஓங்கில் மீன்களை அவர் ஒரே கையால் எண்ணினார். ஐந்து விரலும் மடங்கினால் ஒரு பிடி. ஐந்து பிடி சேர்ந்தால் ஒரு கூடை. மற்றக் கையையும் சேர்த்து எண்ணினால் என்னவாம் என்று இவள் கேட்டதற்கு, "சுக்கானை விட்டால், தேவி, நாம் மீன்களை எண்ண மாட்டோம்; மீன்கள்தாம் நம்மை எண்ணும்" என்றாராம்.

நினைத்ததும் சிரித்துவிட்டாள். ஓலையின் மூன்று ஒன்றுகள், ஒரு கூடை இருபத்தைந்து, ஒரு பிடி ஐந்து, தனியே ஒன்று: முப்பத்தொன்று! சிலம்பு கழன்றதையும் பாராமல் அவைக்கு ஓடினாள்.

எண் சரியாயினும் அது பிரியாதென்று காட்டுக என்றார் அமைச்சர். விளக்குகளைத் தரையில் அடுக்கினாள். இரண்டிரண்டாக, ஒன்று மிஞ்சியது. மும்மூன்றாக, ஒன்று மிஞ்சியது. ஐயைந்தாகவும் அதே ஒன்று. நம்பாத அமைச்சர் தாமே மண்டியிட்டு நந்நான்காகவும் ஏழேழாகவும் அடுக்கி வியர்த்தார், மூன்று மிஞ்சின. "போதும், வேட்டனாரே, முழங்காலுக்கு இரங்குங்கள்!" என்று நாமே சொல்ல வேண்டியதாயிற்று. எந்தக் கணக்கில் எழுதினாலும் கோலம்தான் மாறும், எண்ணின் குணம் மாறாது என்று அவரே ஒப்புக்கொண்டு, மறுப்போலையைத் தம் கையாலேயே கிழித்தார். மாலுமிகளிடம் மன்னிப்பும் கேட்டார்.

இனி ஆணை. அந்த மிஞ்சிய ஒன்றைத் தேமொழி தன் சாளரத்தில் வைத்துக்கொண்டு, தங்கள் மைந்தர் வரும்வரை தர மறுக்கிறாள். மண்டபத்தில் இருப்பவை முப்பதே. அவை இரண்டாகவும் மூன்றாகவும் ஐந்தாகவும் பிரியுமே என்று அமைச்சருக்கு உறக்கமில்லை. ஆதலால் தங்கள் மைந்தர் இவ்வோலை கண்டதும் புறப்படுக. சுக்கானை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இரு கைகளோடும் வருக.

கொன்றைப்பூ முத்திரை பொறித்தோம். அரசியின் கட்டளை இது. ஒரு தாயின் ஆசையும் இதுவே.